வழக்கில் எழுதாத ஊற்று: நீதிமன்ற சமரச மையத்தில் என் ஐந்து அமர்வுகள்

கோத்தகிரிக்குக் கீழே, மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சரிவில் எனக்கு ஒன்றே கால் ஏக்கர் தேயிலை இருக்கிறது. அந்தத் தோட்டத்துக்குப் போகும் பாதைக்காக மூன்று ஆண்டுகள் நீதிமன்றம் ஏறி இறங்கினேன். பிறகு நீதிமன்றமே எங்களை, இரு தரப்பும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளும் சமரச மையத்துக்கு அனுப்பியது. அங்கே மூன்று மாதத்தில், ஐந்து அமர்வுகளில் வழக்கு முடிந்தது. ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால் நான்கு கொடுப்பேன். அந்த ஒரு மதிப்பெண்ணை ஏன் குறைத்தேன் என்பதும் இதைப் படிப்பவருக்குத் தெரிய வேண்டும். மலையில் எந்த ஊர் நீதிமன்றம் என்பதை எழுதவில்லை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மாமனாரின் நிலம் இரண்டு மகன்களுக்கும் வாய்மொழியாகப் பிரிக்கப்பட்டது. சாலையை ஒட்டிய கீழ்த் தோட்டம் கொழுந்தனுக்கு, சோலைக்கு அடியில் இருக்கும் மேல் தோட்டம் எங்களுக்கு. கொழுந்து லாரி சாலையில்தான் நிற்கும். என் தோட்டத்தில் பறித்ததைத் தலைச்சுமையாக இறக்க வேண்டுமானால் அவர் தேயிலைக்கு நடுவே போகும் கல்படி வழியாகத்தான் இறங்க வேண்டும். நான் திருமணமாகி வந்த 1989இலிருந்து அப்படித்தான் இறங்கினோம். என் கணவர் 2019இல் காலமானார். 2021 மே மாதம் ஒரு காலையில் அந்தப் படிக்குக் குறுக்கே முள்வேலி இருந்தது. காட்டெருமை வருகிறது, அதனால் போட்டேன் என்றார் கொழுந்தன். காட்டெருமை வருவது உண்மைதான். ஆனால் காட்டெருமைக்குப் போட்ட வேலியில் ஆள் போக ஒரு படல் வைத்திருக்கலாம்.

படியில் இறங்கினால் ஆறு நிமிடம். கற்பூர மரக்காட்டைச் சுற்றிப் போனால் முப்பத்தைந்து நிமிடம். அத்தனை நேரம் மூட்டைக்குள் அமுங்கிக் கிடக்கும் கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும். எடை போடும் இடத்தில் அதற்குக் கழிவு பிடிப்பார்கள். நான் கொழுந்துக் கணக்கு நோட்டு வைத்திருப்பவள். தேதி, கிலோ, கழிவு, சுமைகூலி என்று எல்லாம் அதில் இருக்கிறது. வழக்கின் தேதிகளையும் அதே நோட்டில்தான் எழுதினேன்.

வழிநடை உரிமை இருக்கிறது என்று அறிவிக்கவும், தடுக்கக் கூடாது என்று நிரந்தர உறுத்துக்கட்டளை தரவும் கேட்டு முன்சீப் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டேன். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, இருபது ஆண்டு தடையில்லாமல் உரிமையாக நடந்து வந்த பாதைக்கு உரிமை உண்டு என்று என் வழக்கறிஞர் விளக்கினார். எனக்கு நம்பிக்கை வந்தது. பிறகு கொழுந்தனின் பதிலான எதிர்வழக்குரை வந்தது. அதில், ‘அப்படி ஒரு பாதை எக்காலத்திலும் இருந்ததில்லை’ என்று ஒரு வரி. அந்தப் படியில் என்னோடு மூட்டை சுமந்து இறங்கியவர் கையெழுத்துப் போட்ட வரி அது. அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. வழக்கறிஞர்கள் வழக்கமாக எழுதும் வாசகம் என்று பிறகு சொன்னார்கள். எழுதுகிறவருக்கு அது வழக்கமாக இருக்கலாம். படிக்கிறவளுக்கு அப்படி இல்லை.

இடத்தைப் பார்க்க நீதிமன்றம் நியமித்த ஆணையர் வந்தார், அளந்தார், வரைபடம் போட்டார். ஆட்சேபணை போட்டார்கள். என் நோட்டின்படி இருபத்தேழு வாய்தா. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் பறிப்புப் போயிற்று.

2024 ஜூலையில் ஒரு வாய்தாவில் நீதிபதி எங்கள் இருவரையும் முன்னால் அழைத்து, ‘நீங்கள் அண்ணியும் கொழுந்தனும்தானே?’ என்று கேட்டார். பிறகு சமரச மையத்துக்கு அனுப்பி உத்தரவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. உரிமை கேட்டு வந்தவளைப் பேசித் தீர்த்துக்கொள் என்று அனுப்புவது கதவை மூடுவதுபோல இருந்தது. வழக்கறிஞர்தான் பொறுமையாகச் சொன்னார். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆவது பிரிவு, 2002 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் வடிவில், நீதிமன்றத்துக்கு இந்த அதிகாரத்தைத் தருகிறது. எந்த வகை வழக்கை அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்று 2010இல் ஆஃப்கான்ஸ் என்ற நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகைப்படுத்தியது. அண்டை அயலாரின் வழிநடைத் தகராறு, குடும்பச் சொத்துத் தகராறு இரண்டும் அனுப்பத் தகுந்தவை. சமரசத்துக்கு அனுப்ப இரு தரப்பின் சம்மதம் தேவையில்லை. ஆனால் அங்கே போய் உடன்படுவதும் உடன்படாததும் முழுக்க நம் விருப்பம். உடன்படாவிட்டால் வழக்குக் கட்டு அப்படியே நீதிமன்றத்துக்குத் திரும்பும், வழக்கு விட்ட இடத்திலிருந்து நடக்கும். இதைக் கேட்ட பிறகுதான் போகச் சம்மதித்தேன்.

முதல் அமர்வு வீண். கொழுந்தன் வரவில்லை, அவருடைய வழக்கறிஞர் மட்டும் வந்தார். வழக்கில் உள்ளவரே இல்லாமல் பேச ஒன்றுமில்லை என்று, பேச்சை நடத்தும் சமரசர் அடுத்த தேதி எழுதினார். மழையில் இரண்டு பஸ் மாறிப் போன எனக்கு அது இருபத்தெட்டாவது வாய்தா. இரு தரப்பும் நேரில் வர வேண்டும் என்பதை அழைப்பிலேயே பெரிய எழுத்தில் எழுதியிருந்தால் அந்த ஒரு நாள் மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது அமர்வில் அவர் வந்தார். சமரசர் ஒரு பெண் வழக்கறிஞர். எங்கள் வழக்கில் எந்தத் தொடர்பும் இல்லாதவர், நாற்பது மணி நேரப் பயிற்சி பெற்றவர். அவருக்கு நாங்கள் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை. தொடங்கும்போதே மூன்று விஷயங்களைச் சொன்னார். தான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். இந்த அறையில் பேசுவது நீதிபதிக்குப் போகாது. முடிந்தது அல்லது முடியவில்லை என்பதை மட்டுமே தான் எழுதி அனுப்புவதாகச் சொன்னார். உச்ச நீதிமன்றமே அப்படித்தான் அறிக்கை இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. மூன்றாவதாகச் சொன்னதுதான் எங்கள் வழக்கை முடித்தது என்று இன்று நினைக்கிறேன்.

ஏனென்றால் வழக்குக்கு முன்பே எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு முறை பேசிப் பார்த்தார்கள். அவர்கள் மேல் எனக்கு இன்றும் மரியாதை குறையவில்லை. ஆனால் கோவில் திடலில், நாற்பது பேர் சுற்றி நிற்கையில், யார் ‘நான் செய்ததும் தவறுதான்’ என்று வாய் திறப்பார்கள்? அங்கே சொன்ன சொல் மாலைக்குள் எடை போடும் இடத்துக்கு வந்துவிடும். விட்டுக்கொடுத்தவர் தோற்றவர் ஆகிவிடுவார். சின்ன ஊரில் தோற்றவர் என்ற பெயர் பேரன் காலம் வரைக்கும் ஒட்டும். மூடிய கதவுக்குப் பின்னால் விட்டுக்கொடுத்தால் யார் விட்டுக்கொடுத்தார் என்று யாருக்கும் தெரியாது. என்ன முடிவானது என்பது மட்டுமே தெரியும்.

அந்த அறையில் கொழுந்தன் சொன்ன எதையும் நான் எழுத மாட்டேன். நான் சொன்னது என்னுடையது, அதை எழுதுகிறேன்.

மூன்றாவது அமர்வில் சமரசர் எங்களைத் தனித்தனியாக அழைத்துப் பேசினார். என் முறை வந்தபோது கட்டைத் திறக்கவே இல்லை. ‘அம்மா, வேலி மே மாதம் போட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் உங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையே என்ன நடந்தது?’ என்று கேட்டார். மூன்று ஆண்டில் யாரும் கேட்காத கேள்வி. நீதிமன்றம் கேட்டது உரிமை உண்டா இல்லையா என்று. அதைத்தான் கேட்க முடியும், என் வழக்குரையில் நான் கேட்டதும் அதைத்தான்.

சோலைக்கு அடியில் என் நிலத்தில் ஓர் ஊற்று இருக்கிறது. மாமனார் காலத்திலேயே அதிலிருந்து கீழ் வீட்டுக்குக் குழாய் போட்டிருந்தார். 2021 மார்ச் கடைசியில் ஊற்று மெலிந்து என் தொட்டி பாதிகூட நிறையவில்லை. ஒரு காலையில் நான் போய்க் கீழ் வீட்டுக்குப் போகும் வால்வை மூடினேன். சொல்லாமல் மூடினேன். அந்த வாரம் அவர் மகளின் நிச்சயத்துக்கு வீடு நிறைய விருந்தாளிகள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் மூடினீர்களா என்று சமரசர் கேட்கவில்லை. நானே சொன்னேன். கணவர் போன பிறகு அந்த வீட்டிலிருந்து ஒருவரும் மேலே ஏறி வந்து எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை என்ற ஆற்றாமை எனக்குள் கிடந்தது, அதையும் சொன்னேன். என் வழக்குரையில் ஊற்று என்ற சொல்லே கிடையாது. அவருடைய எதிர்வழக்குரையிலும் கிடையாது.

‘இதை அவரிடம் நான் சொல்லட்டுமா, வேண்டாமா?’ என்று சமரசர் கேட்டார். தனியாகச் சொன்னதை நம் அனுமதி இல்லாமல் மறுதரப்புக்குச் சொல்லக் கூடாது என்பது அவர்கள் விதி. அடுத்த அமர்வுக்குள் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான்காவது அமர்வில், சமரசர் மூலமாக வேண்டாம் என்று, கொழுந்தனிடம் நானே நேருக்கு நேர் சொல்லிவிட்டேன். பிறகு நடந்த பேச்சை எழுத எனக்கு உரிமையில்லை. முடிந்து வெளியே வராந்தாவில் குடையை விரித்துக்கொண்டு நிற்கையில் அவர் கேட்டதை எழுதலாம். ‘அண்ணி, உங்களுக்கு பஸ் எத்தனை மணிக்கு?’ மூன்று ஆண்டுக்குப் பிறகு, அந்த அறைக்கு வெளியே அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

உடன்பாட்டின் சாரம் தீர்ப்பாணையில் இருப்பதால் மறைக்க ஒன்றுமில்லை. பாதை நான்கு அடி அகலம், ஆணையரின் வரைபடமே இணைப்பு. காட்டெருமைக்கான வேலி இருக்கும், அதில் ஒரு படல், அதற்கு இரண்டு சாவி. ஊற்று நீர் கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள் கீழ் வீட்டுக்கு, மற்ற மாதங்களில் தினமும். வால்வைத் தொடும் முன் தகவல் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி வாசகம் சட்டப் புத்தகம் எதிலும் இருக்காது. எங்களுக்கு வேண்டியிருந்தது அதுதான். நான் வழக்கில் வென்றிருந்தால் பாதை மட்டும் கிடைத்திருக்கும், வால்வு மூடியபடியே கிடந்திருக்கும், அடுத்த வழக்கு அவர் போட்டிருப்பார்.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம். இதைத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்திடாதீர்கள். வழக்கில் இருக்கும் சொத்தைப் பற்றிய சமரசத் தீர்ப்பாணைக்குப் பத்திரப் பதிவு தேவையில்லை. வழக்கில் இல்லாத அசையாச் சொத்தை உடன்பாட்டில் சேர்த்தால் அந்தப் பகுதிக்குப் பதிவு வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், பிரிவு 17. எங்கள் ஊற்று வழக்கில் இல்லாதது. என் வழக்கறிஞர் இதைச் சுட்டிக்காட்டியதால் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் ஒரு நாள் போய் வந்தோம். ஆக, சமரசத்துக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மை, மொத்தச் செலவே இல்லை என்பது உண்மையில்லை.

இன்னொன்று, முதல் வரைவு ஆங்கிலத்தில் வந்தது. கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ். எனக்கும் கொழுந்தனுக்கும் தெரிந்த மொழி தமிழ். நான் மறுத்தேன். சமரசர் முகம் சுளிக்காமல் தமிழில் எழுதவைத்தார். அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுத்தான் கையெழுத்திடுவேன் என்றும் சொன்னேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் ஒரு வாரம் கிடைத்தது. அந்த ஒரு வாரத்தில்தான் ‘வழக்கமான பாதை’ என்று எழுதியிருந்த இடத்தில் அகலமும் வரைபடமும் சேர்ந்தன. வீட்டில் படிக்க ஒரு வாரம் என்பதைக் கேட்டுப் பெற வேண்டிய சலுகையாக வைக்கக் கூடாது, எல்லோருக்கும் தானாகவே தர வேண்டும்.

ஐந்தாவது அமர்வில் கையெழுத்து. கட்டு நீதிமன்றத்துக்குத் திரும்பியது. நீதிபதி நிபந்தனைகளை வாசித்து, இருவரிடமும் மனமொப்பிச் செய்ததுதானா என்று கேட்டு, அதன்படியே தீர்ப்பாணை பிறப்பித்தார். நான் கட்டிய நீதிமன்றக் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைத்தது. தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69ஏ பிரிவு அதற்கு வழி செய்கிறது. மையத்துக்கே போகாமல் தாங்களாகவே வெளியில் பேசித் தீர்த்துக்கொண்டவர்களுக்கும் இந்தச் சலுகை உண்டு என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கு அது. மனுப் போட்டுக் கேட்டால்தான் பணம் வரும், கேட்காமல் விட்டவர்கள் எத்தனை பேரோ.

மதிப்பெண் குறைத்ததற்கு முக்கியக் காரணம் காத்திருக்கும் இடம். ஒருவர் தனியமர்வில் இருக்கையில் மற்றவர் வராந்தாவில் நிற்க வேண்டும். ஆடி மாதச் சாரலும் காற்றும் எப்படி என்பது மலைக்காரர்களுக்குத் தெரியும். அங்கே இருப்பது ஒரே பெஞ்சு. மூன்று ஆண்டாக முகம் பார்க்காதவர்கள் அதன் இரண்டு முனையில் உட்கார வேண்டியிருந்தது. எனக்குப் பரவாயில்லை. கணவனுக்குப் பயந்து வந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு அதே பெஞ்சு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். இன்னொரு சிறிய அறை வேண்டும். அதோடு, சமரசருக்குத் தம்முடைய வழக்குகளும் இருக்கின்றன. ஒருமுறை நடுவில் அழைப்பு வந்து நாற்பது நிமிடம் போய்விட்டார்.

நாட்டிலேயே முதன்முதலாக நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் 2005 ஏப்ரல் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கியது. தமிழ்நாடு பெருமைப்படலாம். 2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டம் 120 நாள் வரம்பு வைத்து, இரு தரப்பும் ஒப்பினால் மேலும் 60 நாள் தருகிறது. அது நியாயமான கால அளவு. 2025 ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை நாடு முழுவதும் 90 நாள் சமரச இயக்கம் நடத்தினார்கள். நிலுவை வழக்கு குறைவது நல்லதுதான். ஆனால் எண்ணிக்கைக்காக அவசரப்படுத்தினால் என் வழக்கு மூன்றாவது அமர்வை எட்டியிருக்காது. இரண்டாவதிலேயே ‘மூன்று அடிக்கு ஒத்துக்கொள்ளுங்கள்’ என்று முடித்திருப்பார்கள். வால்வைப் பற்றிச் சொல்ல எனக்கு இரண்டு வாரத் தூக்கம் கெட வேண்டியிருந்தது.

எல்லோருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி என்னிடம் யோசனை கேட்டாள். அவள் கையெழுத்தையே போலியாகப் போட்டு அண்ணன்மார் பத்திரம் எழுதிக்கொண்டார்கள் என்பது அவள் வழக்கு. போலி ஆவணம், மோசடி என்று குறிப்பாகக் குற்றம் சாட்டும் வழக்குகள் சமரசத்துக்கு ஏற்றவை அல்ல என்று அதே 2010 தீர்ப்பு சொல்கிறது. நீ விசாரணைக்கே போ, சாட்சிக் கூண்டில் ஏறு என்றுதான் அவளிடம் சொன்னேன். நாளைக்கும் அதே வேலியோரம் முகம் பார்த்து வாழ வேண்டியவர்களுக்கு, ஆவணத்தில் சண்டையில்லாமல் மனத்தில் சண்டை உள்ளவர்களுக்கு, இது பொருந்தும். போகும்போது புல வரைபடமும் பட்டா நகலும் எடுத்துப் போங்கள். வழக்கு தொடங்குவதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் என்ன நடந்தது என்பதை ஒரு தாளில் உங்களுக்காக மட்டும் எழுதிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

உடன்பாட்டில் நாங்கள் எல்லோரும் கோட்டைவிட்ட ஒன்று இருக்கிறது. படிகளை யார் பழுதுபார்ப்பது என்று எழுதவில்லை. இந்த ஐப்பசி மழையில் நடுவில் மூன்று படி சரிந்துவிட்டது. நிலம் அவருடையது, நடப்பவள் நான். தரப்புக்கு ஆயிரம் ரூபாய் போட்டு வேலைக்கு ஆள் விடலாமா என்று கேட்டு நேற்று ஆள் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை பறிப்பு இல்லை, தானே கடப்பாரையோடு வருவதாகவும், கல் மட்டும் மேலிருந்து உருட்டிவிட வேண்டும் என்றும் பதில் வந்திருக்கிறது.